போக்கர் போட்டியின் கணக்கு

(வாலிபர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இணையத்தில் நடக்கும் போக்கர் சீட்டுப் போட்டிகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். சூதாட்டம் கெட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். அதை உங்கள் தாய்மார்கள் என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். (சிரிப்பு.) ஆனால் "இது சூதல்ல, திறமை, இதை ஒரு தொழிலாகவே செய்யலாம்" என்று வாதாடும் வாலிபருக்கு அந்தப் பதில் போதாது. ஆகவே ஆட்டத்துக்குள்ளேயே நுழைந்து பார்ப்போம்.

ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. மேஜை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் ஜெயிக்கிறார். இடையில் நான்கு சுற்றுப் பந்தயம். கையில் ஒன்றுமில்லாதவன்கூடப் பந்தயத்தை உயர்த்தி எதிரியை மிரட்டி விரட்டலாம். திறமை என்பது இங்கேதான் புகுகிறது. அது உண்மையான திறமைதான், மறுப்பதற்கில்லை.

போட்டி ஆட்டம் இன்னும் வேறு. நுழைவுப் பணம் கட்டினால் எல்லோருக்கும் சம அளவு சிப் தருகிறார்கள். சிப் போனால் வெளியே. கட்டாயப் பந்தயம் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும். சும்மா உட்கார்ந்திருப்பவனையும் அது கரைத்துவிடும். தேர்ந்த ஆட்டக்காரன் தொடக்கத்தில் பெரும்பாலான சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பொறுத்திருக்கிறான். சிப் கரைந்து, பெரிய கட்டாயப் பந்தயத்தைப் போல் பத்து மடங்கு அளவுக்கு வந்துவிட்டால், அவனுக்கு இரண்டே வழி: முழுதையும் வைப்பது, அல்லது சீட்டைப் போடுவது. இடைவழி கிடையாது.

ஏன் முதலில் வைப்பவனுக்கு அனுகூலம், அதை ஏற்பவனுக்குப் பாதகம்? இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பத்துப் பேர், ஆளுக்கு 100 ரூபாய், பரிசு மொத்தம் 1,000 ரூபாய். முதல் பரிசு 500, இரண்டாவது 300, மூன்றாவது 200. நான்கு பேர் மிஞ்சியிருக்கிறார்கள். நால்வருக்கும் சமமான சிப். ஒவ்வொருவர் பங்கின் மதிப்பு 250 ரூபாய். ஒருவன் முழுதையும் வைக்கிறான். நீங்கள் ஏற்றுக்கொண்டு தோற்றால் 250-ம் போயிற்று. ஜெயித்தால் சிப் இரட்டிப்பாகும். பணமும் இரட்டித்து 500 ஆகுமா? ஆகாது! கணக்குப் போட்டால் உங்கள் பங்கு சுமார் 383 ரூபாய்தான். வெளியேறியவன் விட்டுப்போனதில் பாதியளவை, சீட்டைத் தொடாமல் வேடிக்கை பார்த்த மற்ற இருவர் பகிர்ந்துகொண்டார்கள். 133 ரூபாய் லாபத்துக்கு 250 ரூபாயைப் பணயம் வைக்கிறீர்கள். ஆகவே ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 65-க்கு மேல் இருந்தாலன்றி ஏற்பது மடமை. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள சீட்டை அங்கே தூக்கிப் போடத்தான் வேண்டும். முதலில் வைத்தவனோ, எதிரி பயந்து ஒதுங்கினாலும் ஜெயிக்கிறான். பந்தயம் துவக்குவதற்கு வேண்டிய சீட்டைவிட, ஏற்பதற்கு வேண்டிய சீட்டு பலமாக இருக்க வேண்டும் என்று டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற அமெரிக்க ஆசிரியர் எழுதியதும் இதனால்தான்.

இவ்வளவும் கற்றுக்கொண்டாயிற்று. பிறகு என்ன? கையில் இரண்டு ஆஸ் வருவது 221 தடவைக்கு ஒரு தடவை. எதிரியிடம் இரண்டு ராஜா. உங்களுக்கு நூற்றுக்கு 80 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இதைப் போன்ற அருமையான சந்தர்ப்பம் அடுத்தடுத்து நான்கு முறை கிடைத்தாலும், நான்கிலும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 41 மட்டுமே! ஆயிரம் பேர் ஆடும் போட்டியில், சராசரி ஆளைவிட இரண்டு மடங்கு வாய்ப்புள்ளவனும் 500 போட்டிக்கு ஒருமுறைதான் முதலிடம் காண்பான். பரிசின் பெரும்பகுதியோ உச்சியில் குவிந்து கிடக்கிறது. கெட்டிக்காரனும் மாதக்கணக்கில் நஷ்டத்தில் உழல்வது இதனால்தான்.

கம்பெனிக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. 110 ரூபாய் கட்டினால் 100 ரூபாய் பரிசுக்கு, 10 ரூபாய் கம்பெனிக்கு என்பது போன்ற ஏற்பாடுதான் வழக்கம். யார் ஜெயித்தாலும் அதற்கு வரும்படி உண்டு. மேஜையில் புதிதாக ஒரு காசும் உற்பத்தியாவதில்லை. ஒருவன் எடுத்துச் செல்வது இன்னொருவன் கொண்டுவந்த கூலி.

2003-ல் அமெரிக்காவில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் 86 டாலர் கட்டி இணையப் போட்டி ஒன்றில் ஜெயித்தார். அதன் மூலம் லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் பெற்றார். அந்த ஆண்டு ஆடியவர்கள் 839 பேர். 2006-ல் 8,773 பேர்! ஒரு கணக்கர் செய்த பிரசாரத்தை எந்த விளம்பரமும் செய்திருக்க முடியாது. 2011 ஏப்ரல் 15-ல் அமெரிக்க சர்க்கார் பெரிய தளங்களை முடக்கியது. அவற்றில் ஃபுல் டில்ட் என்ற கம்பெனியிடம், ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரப் போதிய பணமே இல்லை என்பது அப்போதுதான் வெளிவந்தது.

எதிரே உட்கார்ந்திருப்பவன் மனிதன்தானா? அதுவும் ஒரு கேள்வி. 2017-ல் லிப்ராட்டஸ் என்ற கம்ப்யூட்டர் நிரல் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. 2019-ல் அதன் வாரிசான ப்ளூரிபஸ் ஆறு பேர் மேஜையிலும் ஜெயித்தது. கைபேசியின் மறுமுனையில் யார் என்பதைத் திரை காட்டாது.

திறமை வாதம் நீதிமன்றத்துக்கும் போயிற்று. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதத்தையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கியது. ஆடியவனுக்கு அதில் தண்டனை இல்லை. கடன்காரன் அவன் வீட்டுக்குத்தான் வருகிறான்.

ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "நான் மொத்தத்தில் லாபத்தில்தான் இருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?" நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, தோழரே! பாங்கியிலிருந்து இரண்டு வருஷக் கணக்கை வாங்குங்கள். தளத்துக்குப் போன பணத்தை ஒரு பக்கம் எழுதுங்கள், திரும்பி வந்ததை மறுபக்கம். நண்பர்களிடம் வாங்கிக் கட்டியதை விட்டுவிடாதீர்கள். விழித்திருந்த மணிகளையும் குறியுங்கள். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் இருப்பேன். உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.