குழந்தைக்காகப் போனோமா, நமக்காகப் போனோமா?



குடும்பச் சுற்றுலா குடும்பத்தை இணைக்கிறதா என்பது இன்றைய கேள்வி. இணைக்கிறது என்று எனக்கு முன் பேசிய நண்பர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால், எங்களுக்கு ஒரு சுற்றுலா எப்படிக் கசந்தது என்று சொன்னால், சிலருக்காவது அது பயன்படும்.

அது டிசம்பர் மாதம். மூத்தவனுக்குப் பள்ளி விடுமுறை. இளையவளுக்கு மூன்று வயது. பாப்பா இன்னும் கடலைப் பார்த்ததில்லையே என்று, குவந்தானுக்கு வடக்கே ஒரு கடற்கரை உல்லாச விடுதியில் மூன்று இரவுகளுக்கு அறை எடுத்தோம். என் அம்மாவும் உடன் வந்தார். விளம்பரப் படத்தில் நீல வானம், வெண்மணல், தண்ணீரில் குதிக்கும் குழந்தைகள். விலையும் வழக்கத்தைவிடக் குறைவு. ஏன் குறைவு என்று நாங்கள் கேட்கவில்லை.

நவம்பர் முதல் மார்ச் வரை நம் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை என்பது பள்ளியில் படித்த பாடம்தான். ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பல விடுதிகள் அந்த மாதங்களில் மூடியே கிடக்கும். தள்ளுபடி என்றதும் படித்ததெல்லாம் மறந்துவிட்டது!

போய் இறங்கியபோது கொட்டும் மழை. கரையில் சிவப்புக் கொடி. அலையின் இரைச்சலைக் கேட்டு பாப்பா வீறிட்டு அழுதாள். சரி, நீச்சல் குளத்துக்காவது போவோம் என்றால், குழந்தைகள் குளம் பழுதுபார்ப்பதற்காக வற்றிக் கிடந்தது. பெரியவர்கள் குளம் நான்கடி ஆழம். மூன்று வயதுப் பிள்ளையின் உயரமே மூன்றடிதான். சுற்றித் தடுப்பும் இல்லை. ஒரு நிமிடம்கூட அவள் கையை விட முடியவில்லை. தருவதாகச் சொன்ன குழந்தைக் கட்டிலும் இல்லை. சாப்பாட்டு மேசையில் எல்லாமே காரம். பாப்பா வெறுஞ்சோற்றில் கிச்சாப் ஊற்றிச் சாப்பிட்டாள்.

இரண்டாம் நாள் இரவு, "அப்பா, வீட்டுக்குப் போலாம்பா" என்று அவள் அழத் தொடங்கினாள். நான் கத்திவிட்டேன். "உனக்காகத்தானே இவ்வளவு காசு போட்டு வந்திருக்கோம்!" என்றேன். பிள்ளை பயந்து பாட்டியின் மடியில் ஒளிந்துகொண்டாள். அம்மா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏண்டா, கடல் வேணும்னு பிள்ளை உன்கிட்ட கேட்டுச்சா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விடுதிமேல் இருந்த கோபத்தை விடுதியிடம் காட்டாமல், எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளையிடம் காட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலை அறைவாசலில் கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குளியலறைப் பக்கெட்டை எடுத்து வந்து, பாப்பா ஒரு குவளையால் தண்ணீர் பிடிப்பதும் ஊற்றுவதுமாக இருந்தாள். நான் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் அமர்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. இன்றும் அவள் கேட்பது கடலை அல்ல. "அப்பா, பக்கெட் வீட்டுக்கு எப்ப போவோம்?" என்றுதான் கேட்கிறாள்.

அதனால் விடுதி செய்தது சரி என்று ஆகிவிடாது. புறப்படும்போது முகப்பில் முறையிட்டேன். "மன்னிக்கவும்" என்றார்கள், அதோடு சரி. நான் படம் எடுக்கவில்லை, எழுதியும் கொடுக்கவில்லை. நேயர்களே, நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். குறை கண்ட அன்றே எழுதிக் கொடுங்கள். விளம்பரத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர்களுக்கென்று ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

பணம் கட்டுமுன் கேளுங்கள். அந்த மாதத்தில் கடலில் இறங்க முடியுமா? குழந்தைகள் குளம் திறந்திருக்கிறதா, எவ்வளவு ஆழம்? குழந்தைக்கு என்ன சாப்பாடு? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

சுற்றுலா குடும்பத்தை இணைக்குமா என்றால், இணைக்கும். ஆனால், இணைப்பது விடுதி அல்ல. பிள்ளையின் பக்கத்தில் நாம் உட்காரும் அந்த ஒரு மணி நேரம்தான். போன இடம் நன்றாக இல்லையென்றால் விடுதிக்காரரைக் கேளுங்கள். பிள்ளையைத் திட்டாதீர்கள்.