யார் சொன்னார் என்பதா ருசு?
(முதலிபாளையத்தில் பேசியது)



பனியன் துணியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் வரிசையாகப் பிரிந்து ஓடிவிடும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. முதலாளியே தைத்த பீஸ் என்றாலும் செக்கிங் பார்க்காமல் விடமாட்டீர்கள். துணிக்கு உள்ள இந்த ஜாக்கிரதை சாஸ்திர புராணங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்பதே நம் கேள்வி.

ஈரோட்டில் 1887-ல் பிறந்த இராமானுசன் பெரிய கணித மேதை என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்னாள் என்கிறார்கள். 1913-ல் அவருடைய கடிதத்தைக் கண்ட ஹார்டி துரை தாயாரைக் கேட்கவில்லை, ருசுவைக் கேட்டார். பல கணக்குகள் மெய்யாயின. பகா எண்களைப் பற்றி எழுதியதோ தவறாய்ப் போயிற்று. தாயார் சொல்லியிருந்தால் தவறுமா? உழைத்தது மனித மூளை. அதனால்தான் சரியும் வந்தது, பிழையும் வந்தது.

அதே பகா எண் விஷயத்தில் 2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர் ஒரு முறை கண்டார்கள். எவ்வளவு பெரிய எண்ணாயினும் அது பகா எண்ணா அல்லவா என்று, வேலை கட்டுக்கடங்காமல் பெருகாதபடி, சந்தேகமறச் சொல்லும் முறை அது. பண்டிதர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதோடு விட்டார்களா? ஆஸ்திரேலியாவில் சான், நோரிஷ் என்ற இருவர் அதன் ருசுவை எச்.ஓ.எல். என்னும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் படிக்குப் படி கொடுத்துப் பரிசோதித்தார்கள்.

1972-ல் இராபின் மில்னர் இவ்வழியைத் தொடங்கினார். 1980-களில் கேம்பிரிட்ஜில் மைக் கார்டன் எச்.ஓ.எல்.லை உண்டாக்கினார். பொருள்களைப் பற்றி மட்டுமல்லாமல், அவற்றின் குணங்கள் எல்லாவற்றைப் பற்றியும் பேசத்தக்க தர்க்கம் அது. மனிதன் வழி சொல்லுவான். யந்திரம் ஒவ்வொரு படிக்கும் விதி கேட்கும். விதி இல்லையேல் பேராசிரியர் சொன்னாலும் தள்ளிவிடும்.

"யந்திரத்தை நம்புவதும் மூடநம்பிக்கைதானே?" என்பார்கள். நம்ப வேண்டியது சில விதிகள் அடங்கிய சிறு பாகம் ஒன்றையே. அதுவும் யாரும் படித்துப் பார்க்கத் திறந்து கிடக்கிறது. சூத்திரன் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று அதில் எழுதவில்லை.

ஆனால் ஒன்று. யந்திரம் படிகளைத்தான் சோதிக்கும். அடிப்படையாக நாம் கொடுப்பதைச் சோதிக்காது. "பிறவியிலேயே ஒருவன் உயர்ந்தவன்" என்பதை அடிப்படையாகக் கொடுத்துவிட்டால், தீண்டாமை வரையில் பிசகில்லாமல் ருசுவாக்கிக் கொடுக்கும். ஆகையால் சாஸ்திரிகளோடு நடுப்படியில் நின்று வாதாடாதீர்கள். முதல் படிக்கே ருசு கேளுங்கள். கடவுள் சொன்னார், ரிஷி சொன்னார் என்பது ருசுவாகாது.

நாம் சொன்னதையும் அப்படியே சோதியுங்கள். அறிவுக்கு ஒத்துவந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.