சண்டைக்குப் பின் சமாதானம்



சுருளிப்பட்டியின் திராட்சைத் தோட்டங்களைக் கடந்து, ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் சுருளி தீர்த்தத்தில் நீராடிப் பித்ருக்களுக்குத் தர்ப்பணம் செய்யச் செல்வோரில், பையிலிருந்த பழத்தைக் குரங்கிடம் பறிகொடுத்தவர் அநேகர். அந்தப் பழத்தின் பொருட்டுக் குரங்குகள் தமக்குள் சீறிக் கடித்துக்கொள்வதை வேடிக்கை பார்த்தவரும் அநேகர். ஆனால் சண்டை ஓய்ந்த பிறகு அவை என்ன செய்கின்றன என்று சற்றே நின்று கவனித்தவர் மிகச் சொற்பம்.

விஞ்ஞானிகளும் வெகுகாலம் அதைக் கவனிக்கவில்லை. சண்டையிட்ட பிராணிகள் ஒன்றையொன்று விட்டு விலகியே போகும் என்று கருதப்பட்டு வந்த காலத்தில், 1975ஆம் ஆண்டு, ஹாலந்து தேசத்து ஆர்னெம் மிருகக்காட்சிசாலையில், சற்றுமுன் கடுமையாக மோதிக்கொண்ட இரண்டு சிம்பன்சிகள் மற்றவற்றின் ஆரவாரத்துக்கிடையே தழுவி முத்தமிட்டதை ஆராய்ச்சியாளர் பிரான்ஸ் டி வால் கண்டார். 1979இல் தம் மாணவியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையில், பகை தீர்த்துக்கொள்வதற்குச் சமாதானம் என்றும், சண்டையில் சேராத மூன்றாம் பிராணி வந்து பாதிக்கப்பட்டதைத் தேற்றுவதற்கு ஆறுதல் என்றும் துணிந்து பெயரிட்டார். சுருளியில் நாம் காணும் நாட்டுக்குரங்கின் சமாதானத்தையும் சண்டைக்குப் பிந்திய சஞ்சலத்தையும் பற்றி, மைசூர்ப் பல்கலைக்கழகத்து மேவா சிங்கும் அவருடைய சகாக்களும் 2007இல் எழுதியிருக்கிறார்கள்.

சஞ்சலம் என்பது அலங்காரமான சொல் அன்று. சண்டையிட்ட குரங்கு தன் உடம்பை ஓயாமல் சொறிந்துகொள்கிறது. எதிரி அருகில் வந்தமர்ந்து பேன் பார்க்கத் தொடங்கியதும் அந்தச் சொறிதல் தணிந்துவிடுகிறது. ஆயினும் எல்லாரோடும் அது ராசியாவதில்லை; தனக்கு வேண்டிய துணையோடுதான் பெரிதும் ராசியாகிறது. இரண்டு குரங்குகள் சேர்ந்து வந்தாலன்றி இரை கிடைக்காது என்று பழக்கிவைத்து 1993இல் ஒரு பரிசோதனை நடத்தியபோது, அவ்விரண்டும் முன்னிலும் சுமார் மூன்று மடங்கு அதிகமாகச் சமாதானம் செய்துகொண்டன. ஒரே மடையில் பாய்ச்சும் சம்சாரிகள், வரப்புத் தகராறு எவ்வளவு முற்றினாலும், முறைத்தண்ணீர் வரும் நாளில் பேசித்தானே ஆகவேண்டும்!

ஆறுதல் இதனினும் அரிது. நாட்டுக்குரங்கின் இனத்தாரிடம் அது பெரும்பாலும் காணப்படவில்லை. ஆனால் மேகமலைக் காடுகளில் திரியும் யானைகளின் இனத்தாரிடம் உண்டு. தாய்லாந்தின் முகாமொன்றில் 26 யானைகளைக் கவனித்து 2014இல் வெளிவந்த ஆராய்ச்சி, ஒன்று அஞ்சிக் கலங்கியதும் அருகிலுள்ளது விரைந்து சென்று, மெல்லிய ஒலியெழுப்பி, அதன் வாயினுள் தன் துதிக்கையை வைத்துத் தேற்றுவதைப் பதிவு செய்கிறது.

இவையெல்லாம் பிறவிக்குணம்தானே என்று சிலர் கேட்கலாம். எளிதில் சமாதானமாகாத வடநாட்டுச் செம்முகக் குரங்குகளின் குட்டிகளை, சமாதானத்தில் தேர்ந்த குட்டைவால் குரங்குகளோடு ஐந்து மாதம் ஒன்றாக வளர்த்தபோது, அவையும் அந்த வித்தையைக் கற்றன. பிரித்துவைத்த பின்னரும் மறக்கவில்லை. குட்டிகள் தம்மைச் சூழ வாழ்வோரைப் பார்த்துத்தான் கற்கின்றன. ஆகவே, வீட்டில் சண்டையே வராமல் காப்பது நம்மால் ஆகாவிடினும், வந்த சண்டை எவ்வாறு தீர்ந்தது என்பதையும் பிள்ளைகள் காணும்படி தீர்த்துக்கொள்வது பெரியவர்கள் கடமை.