ஜப்பானுக்குப் போகும் பிள்ளைக்கு

1982இல் நம் அரசு 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்தது. அதன் வழியாக நம் இளைஞர்கள் ஜப்பானுக்குத் தொழிற்பயிற்சி பெறப் போனார்கள். போகிறவருக்கு மொழி சொல்லித் தருவார்கள். வீட்டில் நாம் சொல்லித் தர வேண்டியதும் உண்டு.

குளியலைப் பாருங்கள். நாம் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்கிறோம். அங்கே வெளியே அமர்ந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சுடுநீர்த் தொட்டியில் இறங்குவார்கள். அதே நீரில் வீட்டார் எல்லாரும் இறங்குவார்கள். ஆகவே அதைத் திறந்துவிடக் கூடாது. இது ஒரே நாளில் பழகிவிடும். பழகக் கடினமானது வேறு.

பெரட்டுக் களத்தில் புரியாவிட்டாலும் 'சரிங்க ஐயா' என்று தலையாட்டிப் பழகியவர்கள் நாம். என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான்! டொயோட்டா வாகனத் தொழிற்சாலையில், கோளாறைக் கண்ட தொழிலாளியே கயிற்றை இழுத்து அறிவிக்க வேண்டும். உடனே சரிப்படாவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். அங்கே போய்ப் புரியாமல் தலையாட்டினால் இயந்திரத்தில் விரல் போய்விடும். நாம் பக்கவாட்டில் தலையாட்டுவது அவர்களுக்கு 'இல்லை' என்றும் தோன்றலாம்.

இன்று மாலை பிள்ளையிடம் ஒரு வேலை சொல்லுங்கள். 'புரியவில்லை அப்பா' என்று அவன் சொன்னால், கோபப்படாமல் மறுபடி சொல்லுங்கள்.