சாக்கடைக் குழாய் எங்கே போகிறது?
(பங்கின் யூபிலிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாசு என்றதும் நாம் 1964-இல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைத்தான் கைகாட்டுகிறோம். தண்ணீருக்கு 1974-இலும், காற்றுக்கு 1981-இலும் சட்டங்கள் வந்தன. 1982 முதல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உண்டு. அவற்றைக் கண்டிப்புடன் நடத்தவேண்டும். இதில் இரண்டாம் பேச்சில்லை.

ஆனால் அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகிறது. மழைநீருக்கென்று வெட்டிய கால்வாயில் வீட்டுச் சாக்கடைக் குழாயை இரவோடிரவாகச் சேர்த்துவிட்டால், அதுவும் ஏரிக்குத்தான் போகும். கொரட்டூர் ஏரியின் அவலம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. தீர்ப்பாயம் அதிகாரிகளைக் கேள்வி கேட்கும். நம் வீட்டுக் குழாயை யார் பார்ப்பது? சாக்கடையிலும் சோப்புத் தூளிலும் வரும் பாஸ்பேட்டு ஆகாயத்தாமரைக்கு எருவாகிறது. அது படர்ந்து மூடிய நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் மடிகின்றன. துணி துவைக்கத் தூளை அளந்து போடுங்கள், தாய்மார்களே. நுரை அதிகமானால் வெண்மை கூடாது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளை அரசு 2019 ஜனவரி முதல் தடை செய்தது. மீன் கடையில் இன்னும் நாமே கேட்டு வாங்குகிறோம்! கூடை வீட்டில் சும்மா தொங்குகிறது.

ஒரு விண்ணப்பம். வரும் திருவிழா அசனத்திற்கு வாழையிலையும் எவர்சில்வர் தம்ளரும் போதும். கழுவ ஆள் கிடைக்காது என்கிறார்கள். மரியாயின் சேனையாரும் இளைஞர் மன்றத்தாரும் பெயர் கொடுக்கட்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.