கீறல் விழாமல் கழற்ற முடியுமா?

(சாதி ஒழிப்புப் பயிலரங்கு ஒன்றில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் காரில் ஒட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கார் அப்பாவுடையது. பதினொரு வருஷத்து வண்டி. பின் கண்ணாடியில் சாதிச் சங்க ஸ்டிக்கர். டிக்கியில் பளபளக்கும் பிளாஸ்டிக் எழுத்துகளில் எங்கள் சாதிப் பட்டம். அப்பா இறந்த பிறகு வண்டி எனக்கு வந்தது. ஒருநாள் இரவு நண்பனை அவன் வீட்டில் விடப் போனேன். "தெருமுனையிலேயே நிறுத்திக்கடா, இந்த வண்டியப் பாத்தா அம்மா பயந்துக்கும்" என்றான். அதுவரை அந்த எழுத்துகள் என் கண்ணில் பட்டதே இல்லை.

கண்ணாடி ஸ்டிக்கர் சோப்புத் தண்ணீருக்கும் பிளேடுக்கும் வந்துவிட்டது. பெயின்ட்டில் பிளேடு வைக்க முடியாது. ஹேர் டிரையரால் சூடு காட்டி, பசை இளகியதும் தூண்டில் நரம்பை எழுத்துக்குப் பின்னால் விட்டு, ரம்பம் மாதிரி இழுத்தேன். மிச்சப் பசையில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து, விரலால் உருட்டி எடுத்தேன். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கழுவிப் பார்த்தால் பட்டம் அப்படியே இருக்கிறது! சுற்றிலும் வெயிலில் பெயின்ட் வெளுத்திருக்க, எழுத்துகள் மூடியிருந்த இடம் மட்டும் புதுசாக இருந்தது. பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் மங்கியிருக்கிறது. சாய்ந்த வெயிலில் இன்றும் படிக்கலாம்.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெயருக்குப் பின்னால் இருந்ததை விட்டோம். கைக்கயிற்றிலும் வண்டியிலும் கட்டிக்கொண்டோம். 2023 நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. வாகனங்களில் உள்ள சாதிப் பெயர்களை அகற்ற 2025 செப்டம்பரில் உத்தரப் பிரதேச அரசு உத்தரவிட்டது. இவை தேவைதான். ஆனால் உத்தரவு எழுத்தைத்தான் எடுக்கும்.

இப்போது ஓர் ஒப்புதல் வாக்குமூலம். மறுவாரம் சித்தப்பா வண்டியைப் பார்த்துவிட்டு, "எழுத்து எங்கடா?" என்றார். "பசை விட்டு விழுந்துடுச்சு சித்தப்பா" என்றேன்.

பெயின்ட்டில் ஒரு கீறல் விழக்கூடாது என்று நாள் முழுக்கப் பொறுமை காத்த அதே ஆள்தான், உறவிலும் கீறல் விழக்கூடாது என்று பொய் சொன்னேன். பெயின்ட் விஷயத்தில் அந்தப் பொறுமை சரி. சாதி விஷயத்தில் அது யாருடைய செலவில்? நான் உறவைக் காப்பாற்றும்போது, நண்பனின் அம்மா பயத்தோடுதான் இருக்கிறார்.

ஆதிக்கச் சாதியில் பிறந்து இங்கே உட்கார்ந்திருக்கும் தோழர்களே, நம்மில் பலர் இப்படித்தான். ஃபேஸ்புக்கில் முழங்குகிறோம்; வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வாய் திறப்பதில்லை.

சித்தப்பா வீட்டில் கல்யாணம் வருகிறது. பத்திரிகையில் என் பெயரையும் பட்டத்தோடு போடுவார்கள். இன்று ராத்திரி போன் செய்யப் போகிறேன். என் பெயருக்குப் பின்னால் எதுவும் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அந்த எழுத்துகள் தானாக விழவில்லை, நான்தான் கழற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

கீறல் விழும். விழட்டும்.