இடி இடிச்சா முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சவள். குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டு வாசிக்கிறதோடு சரி. "உன் டி.வி. கதையைச் சொல்லு, நாலு பேருக்கு உதவும்" என்று எங்கள் ஊக்குநர் அக்கா சொன்னதால் வந்து நிற்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேணும்.

எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாடு, தையல், வங்கிக் கடன் பற்றியெல்லாம் நல்லா சொன்னீங்க. நான் பேசப் போறது நம்ம வீட்டுக்குள்ள இருக்கிற டி.வி., செட்டாப் பாக்ஸ், கிரைண்டர் பற்றி. 2006ல் இருந்து அரசு இலவச கலர் டி.வி. கொடுத்தது. 2011ல் இருந்து மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. பொருள் எல்லாம் வீட்டுக்கு வந்துச்சு. அதை எப்படி மாட்டணும், எப்படிப் பார்த்துக்கணும் என்று நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அது ஆம்பளைங்க வேலை என்று நாமும் விட்டுட்டோம். அப்படி விட்டதுக்கு நான் கொடுத்த விலையைத்தான் சொல்ல வந்தேன்.

2020ல் கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடினாங்களே, அப்போ என் மகள் எட்டாவது. பாடமெல்லாம் கல்வித் தொலைக்காட்சியில் வந்தது. எங்க வீட்டில் இருந்த பழைய டி.வி.யில் படம் இல்லை, சத்தம் மட்டும்தான். வீட்டுக்காரர் லாரி ஓட்டுறவர், இருக்கிற ஒரே போனும் அவரோடு போயிரும். புள்ளை படிப்பு நின்னுருமே என்று குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். கோழி வித்த காசு 1,500 சேர்த்து 24 இஞ்ச் டி.வி. வாங்கினோம். மாசம் 800 ரூபாயும் வட்டியும், பத்து மாசத் தவணை.

இரண்டு தவணைதான் கட்டியிருந்தேன். ஐப்பசி மழை. ஒரு நாள் ராத்திரி இடி பயங்கரம். சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன், போதும் என்று படுத்துட்டேன். விடியக்காலம் பார்த்தால் டி.வி.யும் போச்சு, பாக்ஸும் போச்சு. வாங்கின கடைக்கு ஓடினேன். "வாரண்டி இருக்கும்மா, ஆனா இடி மின்னலுக்குக் கிடையாது" என்று சொல்லிட்டாங்க. கார்டை எடுத்துப் பார்த்தால் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கு. அதுவரைக்கும் நான் அதைப் பிரிச்சுக்கூடப் படிக்கலை.

ஓடாத டி.வி.க்கு எட்டு மாசம் தவணை கட்டினேன், சகோதரிகளே. ஒரு மாசமும் தவறவில்லை. எங்கள் குழு நோட்டில் பார்த்தாலும் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா, நம்ம குழு உறுப்பினர்தான், "எங்க வீட்டுல வந்து பார்க்கட்டும்" என்றாங்க. என் மகள் நோட்டும் பேனாவுமாக அவங்க திண்ணையில் காத்துக்கிட்டு இருப்பாள். அவங்க வீட்டில் யாராவது சீரியல் பார்த்துக்கிட்டிருந்தால் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்துருவாள். அதைப் பார்த்த அன்னைக்குத்தான் இந்தப் பொருளைப் பற்றி நானே தெரிஞ்சுக்கணும் என்று முடிவு பண்ணினேன்.

டவுனில் இருந்து மெக்கானிக் வந்தார். போர்டு மாற்ற 3,200 ரூபாய். அவர் வேலை முடியுற வரைக்கும் நான் நகரவே இல்லை. "ஏன் தம்பி, சுவிட்ச் ஆஃப்லதானே இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னார். சுவிட்ச் ஆஃப் பண்ணினால் உள்ளே ஒரு சின்ன இடைவெளிதான் விழும். மின்னலின் வேகத்துக்கு அந்த இடைவெளியெல்லாம் ஒரு தடையே இல்லை, தாண்டி வந்துரும். அது போக, கரண்டு ஒயர் வழியாக மட்டும் இல்லை, கேபிள் ஒயர் வழியாகவும் வரும். அதனால் மழை மேகம் கட்டும்போதே பிளக்கைப் பிடுங்கணும், கேபிள் ஒயரையும் பாக்ஸில் இருந்து கழற்றணும். இடி தலைக்கு மேலே இடிக்க ஆரம்பிச்ச பிறகு ஒயரைத் தொடக்கூடாது, அது நமக்கே ஆபத்து. வெளியூர் போகும்போதும் இதே மாதிரி கழற்றிட்டுத்தான் போகணும்.

ஸ்டெபிலைசர் இருக்கே என்று சில பேர் நினைப்பாங்க. கரண்டு கூடக் குறைய வந்தால்தான் அது சரி பண்ணும். இடிக்கு அது காவல் இல்லை. புது எல்.ஈ.டி. டி.வி. நிறைய 100 வோல்ட்டில் இருந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும். பின்பக்கம் ஒட்டியிருக்கிற சீட்டில் எழுதியிருக்கும், பார்த்துட்டு அப்புறம் ஸ்டெபிலைசருக்குக் காசு போடுங்க. கரண்டு போனால் எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணுங்க. வந்த உடனே போடாதீங்க. பல்பு ஒரே மாதிரி எரியுதா என்று ஐந்து நிமிஷம் பார்த்துட்டுப் போடுங்க.

அடுத்து, வைக்கிற இடம். அடுப்புக்குப் பக்கம் வேண்டாம், மழையில் ஓதம் காக்கிற சுவரில் வேண்டாம். சுவருக்கும் டி.வி.க்கும் நாலு விரல் இடைவெளி விடுங்க. ஸ்டூல் மேல விளிம்பில் வைக்காதீங்க, குழந்தை பிடிச்சு இழுத்தால் தலையில் விழும். இன்னொன்று, நாம ஆசையாகப் பூத்தையல் போட்டு செட்டாப் பாக்ஸ் மேல துணி மூடி வைப்போம். நானும் மூடியிருந்தேன். பாக்ஸில் இருக்கிற ஓட்டையெல்லாம் சூடு வெளியே போறதுக்கு. துணியை எடுத்துடுங்க. துடைக்கிறது காய்ந்த பருத்தித் துணியால். தண்ணி தெளிக்கக்கூடாது, மண்ணெண்ணெய் தொடவே கூடாது.

சிரிக்காதீங்க, இதையும் சொல்றேன். ஒரு நாள் டி.வி.யில் படம் வரலை, 'நோ சிக்னல்' என்று வந்துச்சு. ஒருத்தரைக் கூப்பிட்டேன். வந்தார், ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினார், படம் வந்துருச்சு. 250 ரூபாய் வாங்கிட்டுப் போனார். அந்தப் பட்டன் பெயர் 'சோர்ஸ்'. சில ரிமோட்டில் 'இன்புட்' என்று இருக்கும். பாக்ஸ் ஒயர் எந்தத் துளையில் சொருகியிருக்கோ அதை டி.வி.க்குக் காட்டுற பட்டன் அது. மூணு கலர் ஒயர் சொருகியிருந்தால் 'ஏ.வி.' வைக்கணும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. தட்டையான ஒரே ஒயர் என்றால் 'எச்.டி.எம்.ஐ.' வைக்கணும். பிள்ளைங்க கை பட்டு மாறிப் போகும், அவ்வளவுதான்.

ரிமோட் வேலை செய்யலையா? தூக்கிப் போடாதீங்க. செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதுக்கு நேராகக் காட்டி ஒரு பட்டனை அமுக்குங்க. பல போனில், போன் திரையில் ஊதா நிறமாக மினுங்கும். மினுங்கினால் ரிமோட் நல்லாத்தான் இருக்கு. மினுங்கலை என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்க. பழசும் புதுசும் கலந்து போடக்கூடாது. குடை டிஷ் வைத்திருக்கிறவங்க வீட்டில் பெரு மழையில் படம் நின்று போகும். மழை விட்டதும் தானாக வரும். அதுக்காக யாருக்கும் காசு கொடுக்காதீங்க, மழையில் கூரை மேலும் ஏறாதீங்க.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். எங்க வீட்டில் கிரைண்டரைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். அது சகஜம் என்று செருப்பு போட்டுக்கிட்டு மாவு அரைப்போம். இங்கே எத்தனை பேர் வீட்டில் அப்படி? கை தூக்குங்க பார்ப்போம். பாருங்க, இத்தனை பேர்! டி.வி. போர்டு மாற்ற வந்த அந்தத் தம்பிதான் பார்த்துட்டு, "அக்கா, இது சகஜம் இல்லை, எமன்" என்றார். மூணு முள் பிளக்கில் மேலே பெருசா ஒரு முள் இருக்குமே, அதுதான் எர்த்துக்கு. கசியுற கரண்டை மண்ணுக்குக் கொண்டு போறது அதுதான். எங்க பிளக்கில் அந்த முள்ளே உடைஞ்சு கிடந்துச்சு. சுவரில் எர்த் ஒயரும் இல்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு என் சின்ன மகன் தினமும் அந்த கிரைண்டருக்குப் பக்கத்தில்தான் விளையாடுவான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் போட்டோம். உயிர்காக்கும் சுவிட்ச் ஒன்றும் மாட்டினோம். கடையில் ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியர் என்று கேளுங்க. கரண்டு கசிஞ்சால் கண் இமைக்கிறதுக்குள் தானே ஆஃப் ஆயிடும். அதில் 'டெஸ்ட்' பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. கோடையில் எர்த் குழியில் ஒரு குடம் தண்ணி ஊற்றுங்க. யாருக்காவது ஷாக் அடிச்சால் கையால் தொட்டு இழுக்காதீங்க. முதலில் மெயினை ஆஃப் பண்ணுங்க. பிறகு 108க்குப் போன் பண்ணுங்க. டி.வி.யைத் திறந்து நாமே நோண்டவும் வேண்டாம். பழைய பெட்டி டி.வி.யில் பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கரண்டு தங்கியிருக்கும்.

பில்லை, கடை முத்திரை போட்ட வாரண்டி கார்டை போனில் படம் எடுத்து வையுங்க. பில்லில் எழுத்து அழிஞ்சு போகும், படம் அழியாது. வாரண்டி இருந்தும் கடைக்காரர் இழுத்தடிச்சால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

தலைவி அக்காவிடம் ஒரு வேண்டுகோள். டி.வி., கிரைண்டர் வாங்க யாராவது உள்கடன் கேட்டால், "உங்க வீட்டில் எர்த் இருக்கா?" என்ற கேள்வியையும் கேட்டு நோட்டில் எழுதுங்க. இல்லை என்றால் அதுக்கும் சேர்த்துக் கடன் கொடுங்க. ஊருக்கு ஒரு நாள் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து நமக்குப் பயிற்சி கொடுங்க. இதைத் தீர்மானமாகப் போட வேணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் இப்போ படிப்பைத் தொடர்ந்து படிக்கிறாள். அந்த டி.வி.யும் ஓடுது. மேகம் கறுத்தால் எங்க வீட்டில் முதலில் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குறது அவள்தான். நீங்களும் இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் கிரைண்டர் பிளக்கில் அந்தப் பெரிய முள் இருக்கா என்று ஒரு தடவை பாருங்க. அதைப் பார்த்தாலே நான் பேசினதுக்குப் பலன் கிடைச்ச மாதிரி.